நாற்பத்து மூன்றுக்கு ஒன்று

(விண்ணிலிருந்து வரும் செய்திகள் – 19)

அணுகுண்டுப் பரிசோதனைகளை வாயுமண்டலத்திலும் விண்வெளியிலும் நடத்துவதில்லை என்று 1963ஆம் ஆண்டில் வல்லரசுகள் உடன்படிக்கை செய்துகொண்டபின், அந்த வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்று கண்காணிப்பதற்காக அமெரிக்கர்கள் உயரத்தில் நிறுத்திவைத்த வீலா என்னும் செயற்கைக்கோள்கள், மனிதர் வெடித்த குண்டைத் தேடப் போய் பிரபஞ்சத்தின் வெடிப்புகளைக் கண்டுகொண்ட வரலாற்றைச் சென்ற இதழில் பார்த்தோம். 1967ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி பதிவான ஒரு விசித்திரத் துடிப்பில் தொடங்கிய அந்த வரலாறு, கிளீபெசடல், ஸ்ட்ராங், ஓல்சன் ஆகிய மூவர் 1973 ஜூன் மாதத்தில் பதினாறு வெடிப்புகளைக் குறித்துப் பிரசுரித்த சிறு கட்டுரையோடு உலகமறிந்த சங்கதியாயிற்று. சில விநாடிகள் மட்டும் நீடித்து, அந்தச் சில விநாடிகளுக்குள் வானத்திலுள்ள மற்றெல்லாக் காமா கிரண மூலங்களையும் மங்கச் செய்துவிட்டு மறைந்துபோகும் அந்த வெடிப்புகள் பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்பது மட்டும் அந்தக் கட்டுரையால் நிச்சயமாயிற்று. அப்படியானால் அவை எங்கிருந்து வருகின்றன, எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன என்ற வினாவுக்கு விடை காண மேலும் இருபத்துநான்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த நெடிய இடைக்காலத்தில், பெரும்பாலானோர் இன்று மறந்துவிட்ட பலூன்கள் செய்த உபகாரத்தைப் பற்றியதே இந்த வாரக் கட்டுரை.

பலூன் எதற்கு என்ற கேள்வி முதலில் எழும். மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் நின்று அண்ணாந்து பார்க்கிற ஒருவர், தமக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையே ஒன்றுமில்லை என்றே எண்ணுவார். ஆனால் அவர் தலைமீது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் காற்று அடுக்கப்பட்டிருக்கிறது. பத்து மீட்டர் ஆழமுள்ள நீரின் அடியில் நிற்பவர்மீது எவ்வளவு பொருள் இருக்குமோ அவ்வளவு பொருள் அது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ரேடியோ அலைகளும் இந்தக் காற்றைச் சுலபமாக ஊடுருவி வந்துவிடுகின்றன. காமா கிரணங்களோ, நம்முடைய ஆஸ்பத்திரிகளில் உடலைத் துளைத்துச் செல்லும் அத்தனை வீரியம் படைத்தவையாயினும், வழியிலுள்ள அணுக்களின் எலெக்ட்ரான்களோடு மோதி மோதிச் சக்தியை இழந்து, தரைக்கு வெகு உயரத்திலேயே அழிந்துபோகின்றன. இந்த அழிவு நம்முடைய உயிருக்குப் பாதுகாப்பு. வான சாஸ்திரிக்கோ திரை. நாற்பது கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிவிட்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராமாக இருந்த காற்றில் சுமார் மூன்று கிராம் மட்டுமே தலைக்கு மேல் எஞ்சும். அந்த உயரத்துக்கு ராக்கெட்டும் போகும், ஆனால் சில நிமிஷங்களில் திரும்பி விழுந்துவிடும். செயற்கைக்கோள் ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் அந்தக் காலத்துச் செயற்கைக்கோள்கள் சுமக்கக்கூடிய காமா கிரண உபகரணம் சிறியதாகவே இருந்தது. பெரிய, கனமான கருவியை உயரத்தில் மணிக்கணக்காக நிறுத்திவைத்து, பிறகு அதைப் பத்திரமாகக் கீழே இறக்கிப் பழுது பார்த்து, மறுபடியும் அனுப்பக்கூடிய வாகனம் பலூன் ஒன்றே.

சென்னைவாசிகளுக்குப் பலூன் அறியாத பொருளல்ல. மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறையினர் அனுப்பும் ரப்பர் பலூன், ஒரு சிறு கருவிப் பெட்டியைச் சுமந்துகொண்டு, வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் காற்றின் திசையையும் ரேடியோ மூலம் தெரிவித்தபடியே ஏறுகிறது. நமக்கு வரப்போகும் மழையைக் கணிப்பவர்கள் அந்தச் செய்தியையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பலூன் ஏற ஏற விரிந்துகொண்டே போய், சுமார் முப்பது கிலோமீட்டரை எட்டும்போது கிழிந்துவிடும். ஏறுவதற்கு ரப்பர் போதும். ஏறிய இடத்தில் நிற்பதற்கு வேறு பொருள் வேண்டும். அந்தப் பொருள் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கின் மிக மெல்லிய சவ்வு.

ஆகாயத்துக் கதிர்வீச்சை அறியப் பலூனில் ஏறும் வழக்கம் 1912ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி, ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் தாமே பலூனில் அமர்ந்து ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் ஏறி, கதிர்வீச்சு மேலே போகப்போக அதிகரிக்கிறது என்பதைக் கண்டார். வான்வெளியிலிருந்து காஸ்மிக் கிரணங்கள் பொழிகின்றன என்ற உண்மை அதனால் வெளிப்பட்டது. பின்னர் அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன், தம் சகாக்களான நெஹர், பிக்கரிங் ஆகியோரோடு, இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சமயத்தில் நம் நாட்டுக்கு வந்து பெங்களூரிலும் ஆக்ராவிலும் பெஷாவரிலும் கருவிகளைப் பலூன்களில் ஏற்றிப் பறக்கவிட்டார். அத்தனை தூரம் கடல் கடந்து வந்ததற்குக் காரணம் பூமியின் காந்தம். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவை ஒட்டிச் செல்கிறது. அங்கே பூமியின் காந்தப் புலம், சக்தி குறைந்த காஸ்மிக் துகள்களையெல்லாம் வாயிலிலேயே தடுத்துத் திருப்பிவிடுகிறது. மிகுந்த வேகமுள்ள துகள்களே உள்ளே நுழையும். எந்தச் சக்தியுள்ள துகள் எவ்வளவு வருகிறது என்று பிரித்தறிய விரும்புகிறவர்கள் துருவத்தருகே ஒரு முறையும் நம்மூரருகே ஒரு முறையும் அளந்தாக வேண்டும்.

அதே பெங்களூரில் அதே காலத்தில் இருந்த ஹோமி பாபா, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை 1945இல் நிறுவியபோது, பலூன் ஆராய்ச்சியையும் அதன் ஒரு கிளையாக வளர்த்தார். முதலில் ரப்பர் பலூன்கள், பிறகு பிளாஸ்டிக் பலூன்கள். முதலில் பெங்களூர், பிறகு ஹைதராபாத்தின் உஸ்மானியாப் பல்கலைக்கழக மைதானம், 1960களின் இறுதியில் அதே ஹைதராபாத்தில் ஒரு நிரந்தரத் தளம். பலூன்களை இறக்குமதி செய்யாமல் அங்கேயே தைத்தார்கள். தைப்பது என்று சொன்னாலும் அது ஊசி நூலால் அன்று, சவ்வுப் பட்டைகளின் விளிம்புகளைச் சூட்டால் ஒட்டுவது. அந்த வேலையில் அவர்களுக்கு நம்முடைய வானமே ஒரு பெரிய இடையூறாயிற்று. வெயில் கொளுத்தும் நம் நாட்டின் தலைக்கு மேலே, பதினாறு, பதினேழு கிலோமீட்டர் உயரத்தில், குளிர் நாடுகளின் மேலுள்ளதைவிடக் கடுமையான குளிர் நிலவுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரிக்கும் அப்பால். மேனாட்டில் நன்றாகப் பறந்த சவ்வு அந்தக் குளிரில் விறைத்து உடைந்துவிடும். ஆகவே குளிரைத் தாங்கும் சவ்வை இந்தியாவிலேயே தயாரிக்கும் பிரயத்தனத்தில் இறங்கி, ‘அந்தரிக்ஷ்’ என்ற பெயருள்ள சவ்வை உருவாக்கிக்கொண்டார்கள். தங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை அளந்து அதற்கேற்ற துணியை நெய்துகொண்ட அந்தச் சாதனையை, ஒரு ராக்கெட் புறப்பாட்டுக்கு இணையாகவே நான் மதிக்கிறேன்.

அந்தத் தளத்தில் ஒரு பலூன் புறப்படுவதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். குளிர்கால மாதங்களில், தரைக்காற்று அடங்கியிருக்கும் பின்னிரவுகளையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். பலூனை நீளவாக்கில் தரைவிரிப்பின்மேல் கிடத்தி, தலைப்பக்கத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் உருளை ஒன்றின்கீழ் அடக்கிப் பிடித்து, அந்தப் பகுதிக்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள். முழுப் பலூனையும் நிரப்புவதில்லை. உயரத்தில் காற்றழுத்தம் முந்நூறில் ஒரு பங்காகக் குறையும்போது உள்ளிருக்கும் வாயு அத்தனை மடங்கு விரிந்தாக வேண்டுமல்லவா? ஆகையால் தரையில் காண்பது தலையில் ஒரு சிறு குமிழும், அதற்குக் கீழே கயிறுபோல் தொங்கும் சவ்வும், அதற்கும் கீழே பாராசூட்டும், அடியில் உபகரணமும்தான். உருளையை விடுவித்ததும் குமிழ் எழும்புகிறது. உபகரணத்தைத் தாங்கியுள்ள வண்டி, குமிழ் நேர்மேலே வரும்வரை காத்திருந்து தன் பிடியை விடுகிறது. நிமிஷத்துக்குச் சுமார் முந்நூறு மீட்டராக ஏறி, இரண்டு மணி நேரத்துக்கு அதிகமான பிரயாணத்துக்குப் பின் உச்சியை அடையும்போது, இரண்டு லட்சம் கன மீட்டர் கொள்ளளவுள்ள பலூன் சுமார் எழுபது மீட்டர் குறுக்களவுக்கு விரிந்து நிற்கும். கபாலீசுவரர் கோயிலின் ராஜகோபுரத்தின்மேல் அதே உயரத்தில் இன்னொரு கோபுரத்தை வைத்தாற்போன்ற அளவு. அடிப்பக்கத் திறப்பு வழியாக மிஞ்சிய வாயு வெளியேறிவிடுவதால் அது வெடிப்பதில்லை. வேலை முடிந்ததும் தரையிலிருந்து ரேடியோ ஆணை பிறக்கிறது, கயிறு அறுபடுகிறது, உபகரணம் பாராசூட்டில் இறங்குகிறது. எங்கே இறங்குமென்று எல்லை கட்டிச் சொல்ல முடியாதாகையால், ‘இன்ன பெட்டி விழுந்தால் யாரும் தொட வேண்டாம், காவல் நிலையத்திலோ தபால் நிலையத்திலோ தெரிவியுங்கள்’ என்ற அறிவிப்பைச் சுற்று வட்டார மாவட்டங்களுக்கு அனுப்பிவிடுவது அவர்களுடைய மரபு. அறிவிப்பு எட்டாத கிராமங்களில் இன்றும் திகைப்பு உண்டாகிறது. 2022 டிசம்பரில் ஓர் அயல்நாட்டு நிறுவனத்துக்காக அங்கிருந்து பறக்கவிடப்பட்ட சோதனைக் கூண்டு விகாராபாத் மாவட்டத்து வயலில் இறங்கியபோது, வேற்றுக்கிரகத்தவர் வந்துவிட்டார்களோ என்று ஜனங்கள் கூடிவிட்டார்கள். நம்முடைய சென்னையில் இப்படியொரு தளம் அமையாததற்குக் காரணம் தேடத் தேவையில்லை. கிழக்கே வங்காள விரிகுடா. கடலில் விழுந்த கருவி திரும்பிவராது.

இனி உபகரணத்தைப் பார்ப்போம். அதன் இதயம் சோடியம் அயோடைடு என்ற உப்பின் படிகம். அதில் சிறிதளவு தாலியம் கலந்திருக்கும். காமா கிரணம் ஒன்று உள்ளே புகுந்து சக்தியை இழந்தால் படிகம் ஒரு க்ஷணம் மின்னும். மனிதக் கண்ணுக்கு எட்டாத அந்த மின்னலை ஒளிபெருக்கிக் குழாய் ஒன்று மின்துடிப்பாக மாற்றிக் கணக்கெடுக்கும். அவ்வளவுதான் தத்துவம். சிரமம் எங்கே என்றால், மின்னல்கள் எல்லாம் நட்சத்திரங்களிலிருந்து வந்தவையல்ல. காஸ்மிக் துகள்கள் காற்றின் அணுக்களை உடைத்து, அந்த உடைசல்களிலிருந்து காமா கிரணங்கள் தோன்றி, அவை எலெக்ட்ரான் ஜோடிகளாக மாறி, அந்த எலெக்ட்ரான்கள் மீண்டும் காமா கிரணங்களை உமிழ்ந்து, இப்படியே ஒன்று பலவாகிப் பொழிகிற பெருமழை ஒன்று பலூனைச் சுற்றிலும் இடைவிடாமல் பெய்துகொண்டிருக்கிறது. இந்த மழையின் கடைசித் தூறல் தரைவரை வருகிறது. தியாகராய நகரில் மொட்டை மாடியில் படுத்திருப்பவருடைய விரித்த உள்ளங்கையை விநாடிக்கு ஒரு துகளாவது கடந்துபோகிறது. பலூன் நிற்கும் உயரத்திலோ அது இரைச்சலாகவே இருக்கும். காந்த நடுக்கோட்டருகே அந்த இரைச்சல் குறைவு என்பதே ஹைதராபாத்துக்கு அமைந்த பாக்கியம்.

இந்தப் பெருமழையின் கணித சாஸ்திரத்தில் மயிலாப்பூருக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஒரு துகள் பலவாகப் பெருகும் அந்தக் கிளைப்புக்கு பாபாவும் ஹைட்லரும் 1937இல் வகுத்த கொள்கை, சராசரியாக எத்தனை துகள்கள் தோன்றும் என்பதைச் சொல்லிற்று. பாபா 1943இல் சென்னையில் நிகழ்த்திய உபந்நியாசத்தைக் கேட்டு ஈர்க்கப்பட்டு, பின்னர் பெங்களூரில் அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அல்லாடி ராமகிருஷ்ணன், சராசரியோடு நிற்காமல், அந்தச் சராசரியிலிருந்து ஒவ்வொரு பொழிவும் எவ்வளவு விலகக்கூடும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். இருவரும் சேர்ந்து அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1950இல் வெளிவந்தது. அரசியல் சாசனத்தை வகுத்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் இல்லமான லஸ் சர்ச் சாலை ஏகாம்ர நிவாஸத்தில், அவருடைய குமாரரான இந்த ராமகிருஷ்ணன் மாணவர்களைக் கூட்டி நடத்திய பௌதிகக் கருத்தரங்குக்கு 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் வந்து பாராட்டியதும், அந்தக் கருத்தரங்கிலிருந்து முளைத்த கணித அறிவியல் நிலையத்தை 1962 ஜனவரி 3ஆம் தேதி மாநிலக் கல்லூரியின் பழைய ஆங்கில விரிவுரை மண்டபத்தில் வான சாஸ்திரி சந்திரசேகர் தொடங்கிவைத்ததும், அது இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் விருட்சமாக நிற்பதும் நம் நகரம் பெருமிதம் கொள்ள வேண்டிய சரித்திரம்.

விலகலைப் பற்றிய கேள்வி பலூன் விஞ்ஞானிக்கு வேறொரு உருவத்தில், ஆனால் அதே தீவிரத்தோடு எதிர்ப்படுகிறது. படிகத்தில் விநாடிக்குச் சராசரி 400 மின்னல்கள் பதிவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்த வெடிப்பும் நிகழாத சாந்தமான இரவிலும் அந்த எண்ணிக்கை 400ஆகவே இராது; நானூற்றின் வர்க்கமூலமாகிய இருபது அளவுக்கு ஏறியும் இறங்கியும் கொண்டேயிருக்கும். ஆகவே 420 ஒரு செய்தியல்ல, 440ஐயும் நம்புவதற்கில்லை, 600ஐத் தொட்டால் மட்டுமே ஏதோ நிகழ்ந்ததென்று துணிந்து கூறலாம். படிகத்தின் பரப்பை நூறு மடங்காக்கினால் இரைச்சலும் வெடிப்பும் இரண்டுமே நூறு மடங்காகும். ஆனால் இரைச்சலின் தடுமாற்றம் பத்து மடங்குதான் ஆகும். முன்பு தடுமாற்றத்தில் மறைந்துபோன மங்கிய வெடிப்பு, இப்போது தலைதூக்கித் தெரியும். பெரிய படிகத்துக்கு விஞ்ஞானிகள் ஆசைப்பட்டதும், பெரிய படிகத்தைச் சுமக்கும் பலூனை நாடியதும் இதனால்தான்.

மங்கிய வெடிப்புகளைத் தேடுவதில் என்ன லாபம்? இந்த வாரம் நான் சொல்ல வந்ததன் மையம் இங்கேதான் இருக்கிறது.

வெடிப்புகளின் மூலங்கள் விண்வெளியெங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கின்றன என்று அனுமானித்துக்கொள்ளுங்கள். நூறில் ஒரு பங்கு பிரகாசமுள்ள வெடிப்பையும் காணவல்ல கருவி ஒன்று கிடைத்தால், தூரம் கூடக்கூட ஒளி தூரத்தின் வர்க்கப்படி மங்கும் என்ற விதியின்படி, அது முன்னைவிடப் பத்து மடங்கு தூரம் வரை பார்க்கும். பத்து மடங்கு ஆரமுள்ள கோளத்தின் கன அளவு ஆயிரம் மடங்கு. ஆகவே ஆயிரம் மடங்கு வெடிப்புகள் தெரிய வேண்டும். மூலங்கள் பால்வீதியைப்போல ஒரு தட்டையான வட்டத்துக்குள் பரவியிருந்தால், நூறு மடங்கு தெரிய வேண்டும். எங்கோ ஓரிடத்தில் மூலங்கள் தீர்ந்துவிட்டால், அதாவது அந்தக் கூட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தால், அந்த எல்லையைத் தாண்டிப் பார்க்கும் கருவிக்கு மேலும் புதியவை அதிகமாகத் தெரியா. இப்படி, ஒரு வெடிப்பு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையே அறியாமல், எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மூலங்களின் பரவலை ஊகிக்கலாம். செயற்கைக்கோள்கள் சிறிய கருவியால் நெடுங்காலம் பார்த்துப் பிரகாசமானவற்றை எண்ணின. பலூன்கள் பெரிய கருவியால் சிறிது காலம் பார்த்து மங்கியவற்றை எண்ணட்டும் என்பதே யுக்தி.

அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள மார்ஷல் விண்வெளி மையத்தைச் சேர்ந்த மீகன், ஃபிஷ்மன், வில்சன் ஆகியோர் இந்த யுக்தியைக் கைக்கொண்டு, அகன்ற சோடியம் அயோடைடு படிகங்களைப் பலூனில் ஏற்றிப் பறக்கவிட்டார்கள். அதன் முடிவு 1985இல் பிரசுரமாயிற்று. செயற்கைக்கோள்கள் கண்ட பிரகாசமான வெடிப்புகளின் எண்ணிக்கையை, சீரான பரவல் என்ற விதிப்படி மங்கியவற்றுக்கும் நீட்டிக் கணக்கிட்டால், அந்தப் பலூன் 43 வெடிப்புகளைக் கண்டிருக்க வேண்டும். கண்டது ஒன்றே ஒன்று.

எடுத்துக்கொண்ட காரியத்தில் பலன் கிடைக்காதவர்களின் கதையென்றே இதை முதலில் கேட்பவர் நினைப்பார். கருவியில் கோளாறு என்று தள்ளிவிட்டுப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ தங்கள் கருவியின் நுண்மையைச் சரிபார்த்து, எதிர்பார்த்த 43 கிடைக்கவில்லை என்ற உண்மையையே தங்கள் கண்டுபிடிப்பாக முன்வைத்தார்கள். அதன் பொருள் மிகப் பெரியது: மூலங்கள் சீராக எல்லையின்றிப் பரவியிருக்கவில்லை, பலூனின் பார்வை அந்தக் கூட்டத்தின் விளிம்பை எட்டிவிட்டது. அக்காலத்து விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் இதைக் கேட்டுத் திருப்தியே அடைந்தார்கள். ஏனெனில், நம் பால்வீதியிலுள்ள நியூட்ரான் நட்சத்திரங்களே வெடிப்புகளுக்குக் காரணம் என்பது அவர்களுடைய அபிப்பிராயம், பால்வீதிக்கோ விளிம்பு உண்டு. அந்த அபிப்பிராயம் சரியானால், மங்கிய வெடிப்புகள் பால்வீதியின் பட்டையை ஒட்டியே அதிகமாகத் தென்பட வேண்டும். அதைச் சோதிக்க, பலூனில் பெற்ற அனுபவத்தையே விரித்து, அதே ஃபிஷ்மன் தலைமையில் பாட்ஸே என்ற உபகரணம் அமைக்கப்பட்டது. 1991 ஏப்ரலில் அட்லாண்டிஸ் விண்கலம் ஏற்றிச் சென்ற காம்ப்டன் விண்வெளி ஆய்வுக்கூடத்தின் எட்டு மூலைகளிலும் எட்டு அகன்ற படிகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டாயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ளவை, எல்லாத் திசைகளையும் ஒருங்கே நோக்கிக்கொண்டிருந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு வெடிப்பாக, 2000ஆம் ஆண்டு ஜூனில் அந்த ஆய்வுக்கூடம் கடலில் இறக்கப்படுவதற்குள், 2704 வெடிப்புகளை அது பதிவுசெய்தது. அவை பால்வீதியை ஒட்டி நிற்கவில்லை. வானமெங்கும் பாரபட்சமின்றி இறைந்து கிடந்தன.

விளிம்பும் உண்டு, எத்திசையிலும் சமமாகவும் தெரிகிறது என்றால், நாம் அந்தக் கூட்டத்தின் நட்ட நடுவே இருக்க வேண்டும். பால்வீதியின் நடுவில் நாம் இல்லை என்பது பிரசித்தம். ஆகவே, வெடிப்புகள் நம் நட்சத்திர மண்டலத்தைக் கடந்து, காணக்கூடிய பிரபஞ்சத்தின் தூரங்களிலிருந்தே வருகின்றன என்ற கட்சி வலுப்பெற்றது. பால்வீதியைச் சூழ்ந்த பெரிய ஒளிவட்டத்தில் அவை இருக்கலாமே என்ற மறுப்பும் எழுந்தது. 1995இல் வாஷிங்டனில் லாம்பும் பச்சின்ஸ்கியும் எதிரெதிரே நின்று இதைப் பற்றி வாதிட்டார்கள். 1997இல் இத்தாலிய, டச்சு செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ் ஒரு வெடிப்பின் பின்னொளியைப் பிடித்துக் காட்ட, அதே ஆண்டு மே மாதத்து வெடிப்பொன்றின் தூரம் பல நூறு கோடி ஒளியாண்டுகள் என்று நிர்ணயமாகவே, வாதம் முடிந்தது. இந்த முடிவுக்கான முதல் அடையாளம் அந்த ஒற்றை வெடிப்புப் பலூனில் கிடைத்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. வெற்றி பெற்ற கருவியின் பெயரோடு, வெறுமையைத் துணிந்து அறிவித்த கருவியின் பெயரையும் மாணவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமென்பது என் உறுதியான எண்ணம்.

நம் ஹைதராபாத் பலூன்களின் வழி வேறுவிதமாகச் சென்றது. ஓரிரவு மட்டும் உயரத்தில் நிற்கும் பலூனுக்கு, எப்போது எங்கே தோன்றுமென்று தெரியாத வெடிப்பு அகப்படுவது துர்லபம். ஆகவே டாட்டா நிலையத்தார் தங்கள் இரவுகளை, இருக்குமிடம் தெரிந்த எக்ஸ் கிரண மூலங்களை, சிக்னஸ் எக்ஸ்-1 போன்றவற்றை, ஆழ்ந்து நோக்குவதில் செலவிட்டார்கள். அகர்வாலும் அவர் குழுவினரும் செனான் வாயு நிரப்பிய பெரிய கணிப்பான்களைப் பலூன்களில் பறக்கவிட்டுச் சீர்படுத்திய கலை வீணாகவில்லை. 2015 செப்டம்பர் 28ஆம் தேதி காலை, சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏற்றிச் சென்ற அஸ்ட்ரோசாட் விண்கலத்தில் அந்தக் கணிப்பான்களின் வாரிசுகள் அமர்ந்தன. அந்தக் கலத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு ஆறு டிகிரி சாய்வு மட்டுமே கொண்டது; மில்லிகனைப் பெங்களூருக்கு வரவழைத்த அதே காந்த சாதகம், கதிர்வீச்சின் இரைச்சல் குறைவாயிருக்கும் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கச் செய்தது.

அஸ்ட்ரோசாட்டிலுள்ள உபகரணங்களில் காட்மியம் துத்தநாக டெலுரைடு படிகங்களாலான கருவி ஒன்று, 16,384 சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. அது ஒரு குறிப்பிட்ட திசையை நோக்கிப் படம் பிடிப்பதற்காகவே அமைக்கப்பட்டதாயினும், நூறு கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட கிரணங்களுக்கு அதன் சுவர்கள் தடையாவதில்லை; அதனால் எந்தத் திசையில் வெடிப்பு நிகழ்ந்தாலும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. 2015 அக்டோபர் 6ஆம் தேதி, கண் திறந்த முதல் நாளிலேயே அது ஒரு வெடிப்பைக் கண்டது. அதன்பின் கண்டவை அறுநூறுக்கும் மேல். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பலூன் கோஷ்டியார் ஏங்கித் தவித்த எண்ணிக்கை இன்று இந்தியக் கருவி ஒன்றின் கணக்கேட்டில் சாதாரணமாகச் சேர்ந்துகொண்டு போகிறது.

இப்போது எண்ணிக்கையைவிட முக்கியமாகிவிட்ட வேறொரு கேள்வி உண்டு. வெடிப்பிலிருந்து வரும் கிரணங்களின் அதிர்வு ஒரே தளத்தில் ஒழுங்குபட்டிருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா? பௌதிகத்தில் தளவிளைவு என்று சொல்லப்படும் இந்தக் குணத்தை அளந்தால், வெடிப்பின் தாரையில் காந்தப்புலம் ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்பது விளங்கும். அஸ்ட்ரோசாட்டின் கருவி, ஒரு கட்டத்தில் மோதிப் பக்கத்துக் கட்டத்துக்குத் தெறிக்கும் கிரணங்களின் திசையைக் கொண்டு இதை அளந்துவருகிறது. இங்கேயும் பலூன் தன் பங்கை விட்டுக்கொடுக்கவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி விஞ்ஞானிகள் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகங்களால் அமைத்த காஸி என்ற தொலைநோக்கி, 2016 மே 17ஆம் தேதி நியூசிலாந்தின் வானாகாவிலிருந்து, இறுக மூடப்பட்ட புதுவகைப் பலூனில் புறப்பட்டு, 46 நாட்கள் தென் கோளார்த்தத்தைச் சுற்றிப் பெரு நாட்டில் இறங்கிற்று. ஓரிரவு நிற்கும் பழைய பலூனுக்குக் கிட்டாத சந்தர்ப்பம் அதற்குக் கிட்டியது: மே 30ஆம் தேதி பிரகாசமான வெடிப்பொன்று அதன் பார்வைக்குள்ளேயே நிகழ்ந்தது. அதன் கிரணங்களில் தளவிளைவு 46 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியாது என்று, தொண்ணூறு சதவீத நிச்சயத்தோடு, அவர்கள் வரம்பு கட்டினார்கள். அதே காஸி இனிச் செயற்கைக்கோளாக உருவெடுக்க இருக்கிறது. மார்ஷல் மையத்துப் படிகங்கள் சென்ற பாதையிலேயே இதுவும் செல்கிறது.

இவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் இத்தனை பிரகாசமாகத் தெரிகிற வெடிப்புக்கு வேண்டிய சக்தியை எது அளிக்கிறது என்ற பெரிய கேள்வி எஞ்சியிருக்கிறது. இரண்டு விநாடிக்கு மேல் நீடிப்பவற்றில் பெரும்பாலானவை பெருநட்சத்திரங்களின் அழிவிலிருந்தும், அதற்குக் குறைந்தவை நியூட்ரான் நட்சத்திரங்களின் இணைவிலிருந்தும் பிறக்கின்றன என்று இன்று சொல்கிறார்கள். நட்சத்திரம் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் நொறுங்கும் அந்த எல்லையைக் கணக்கிட்டவர், மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையிலிருந்த ‘சந்திர விலாஸ்’ இல்லத்திலிருந்து மாநிலக் கல்லூரிக்குச் சென்று படித்து, 1930 ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் கப்பலேறிய பத்தொன்பது வயது இளைஞர் சந்திரசேகர். அந்தக் கணக்கையும், அதற்கு இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பையும் அடுத்த இதழில் விவரமாகக் காண்போம்.

(தொடரும்)